கொசுறு டீச்சர்

அந்த டீச்சருக்கு முன்னால் அவருடைய ஸ்டூல்தான் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தது. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். நடுவில் இருந்த ஓட்டையில் இரண்டு விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். ஹாலில் இருந்த நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பி, மற்ற ஆசிரியர்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மருத்துவச் சான்றிதழ், ஒருவர் கையில் கணவரின் மருத்துவச் சான்றிதழ், இன்னொருவர் கண்ணில் தண்ணீர். இவர் என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு எங்கம்மா?"

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை எந்த மாடியில் என்று கேட்கிற குரல். நான் பட்டியலைப் பார்த்து, "கீழ்க்கட்டளை, டீச்சர்" என்றேன்.

"அப்போ பரவால்ல. நிழல் இருக்கிற ரோடு."

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்வி அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வட்டாரத்துப் பள்ளிகளின் எண்ணிக்கைகளை ஷீட்டில் ஏற்றுவது, பட்டியல் எடுப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது. மூன்றாவது வேலைதான் அதிகம்.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகஸ்ட் முதல் தேதியன்று ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுப்பார்கள். அதற்கு எத்தனை ஆசிரியர் தேவை என்று என் ஷீட் சொல்லும். அதற்கு மேல் ஒருவர் இருந்தால் அவர் உபரி. உபரியை இன்னொரு பள்ளிக்கு அனுப்புவதற்குப் பணி நிரவல் என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் அப்போது இருந்த வழக்கப்படி, பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும்.

இதில் ஒரு வளையம் இருக்கிறது. ஒரு முறை உபரியாகிறவர் புதிய பள்ளிக்குப் போய் அங்கே கடைசியாகச் சேர்ந்தவர் ஆகிவிடுகிறார். அடுத்த ஆண்டு அங்கே ஒரு எண் குறைந்தால் மறுபடியும் அவர்தான். ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் இதை முடிவில்லாத லூப் என்பார்கள். டீச்சர் ஆறாவது சுற்றில் இருந்தார். பொழிச்சலூர், பம்மல், அஸ்தினாபுரம் என்று தென்சென்னைப் புறநகரை அவர் பள்ளி பள்ளியாகவே அறிந்திருந்தார். எந்தப் பள்ளியில் குழாயில் தண்ணீர் வரும், எந்தப் பள்ளியில் மத்தியானம் வெயில் கரும்பலகை மேல் விழும் என்று சொல்வார்.

ஸ்டூல் எதற்கு என்று அன்றே கேட்டுவிட்டேன்.

"நாலு டீச்சர் இருக்கிற ஸ்கூல்ல நாலு சேர்தாம்மா இருக்கும். அஞ்சாவதா வர்றவ அவ சேரோடதான் வரணும்."

அதை ஸ்கூட்டரின் பின்சீட்டில் தலைகீழாகக் கவிழ்த்து, கால்கள் நான்கும் வானத்தைப் பார்க்க, ரப்பர் கயிற்றால் கட்டியிருப்பார். பையில் தனக்கென்று ஒரு டம்ளர் வைத்திருந்தார், டீ வாங்கி வரும்போதும் தலைக்கணக்குதான் என்பதால். சொந்த டஸ்டர், சொந்தச் சாக்பீஸ் டப்பா, புடவையை மாட்டிக் கிழிக்கும் பெஞ்சு ஆணிகளை அடிக்க ஒரு சின்னச் சுத்தியல். ஆசிரியர் பெயர்ப் பலகையில் பெயிண்டால் பெயர் எழுத எந்தப் பள்ளியிலும் அவர் சம்மதித்ததில்லை. கடைசிப் பெயருக்குக் கீழே தானே சாக்பீஸால் எழுதிக்கொள்வார். "அழிக்கறவங்களுக்குச் சுலபம்" என்பார்.

இப்படிச் சொன்னால் பரிதாபமான பெண் என்று தோன்றும். அப்படி இல்லை. நன்றாகச் சிரிப்பார். சத்தமாகப் பேசுவார். அவரிடம் எனக்கு விளங்காத பழக்கம் ஒன்றுதான். எங்கேயாவது அளவுக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டால், முதலில் இறங்குகிறவர் அவராக இருப்பார்.

குரோம்பேட்டையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு நாள் பயிற்சி வைத்திருந்தார்கள். லிஃப்டில் ஏறினோம். டீச்சர் முதலில் ஏறி உள்மூலையில் நின்றார். அப்புறம் நான். அப்புறம் ஏழெட்டுப் பேர். கடைசியாக எங்கள் அதிகாரி ஏறினார். அவர் கொஞ்சம் கனமானவர். லிஃப்ட் கீச்சென்று கத்தியது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அதிகாரியும் கூரையைப் பார்த்தார். உள்மூலையிலிருந்து, "தள்ளும்மா, தள்ளு சார்" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு டீச்சர் வெளியே வந்துவிட்டார். கத்தல் நிற்கவில்லை. நானும் இறங்கினேன். அப்புறம்தான் கதவு மூடியது.

படியேறும்போது கேட்டேன். "நீங்க ஏன் டீச்சர் இறங்கணும்? கடைசியா ஏறினது அவருதானே?"

"கத்துதுல்ல?"

"கத்தினா?"

"கத்தினா யாராச்சும் இறங்கணும்ல. எனக்குப் பழக்கமாயிடுச்சு."

மேடவாக்கம் சாலையில் ஷேர் ஆட்டோவிலும் இதே கதை. ஓட்டுநர் பின்சீட்டில் ஐந்தாவது ஆளைத் திணிக்கப் பார்த்தார். டீச்சர், "தம்பி, இதுல எத்தனை பேரு ஏறலாம்னு எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எழுதினவன் ஆட்டோ ஓட்டலியே டீச்சர், குந்துங்க" என்றார் அவர். டீச்சர் குந்தவில்லை. இறங்கி, ஐந்தாவது ஆளுக்கு இடம் விட்டுவிட்டு, அடுத்த ஆட்டோவுக்கு நின்றார். நானும் கூடவே இறங்கி வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. விதியைச் சரியாக எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொள்வது என்ன வகை நியாயம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நான் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் அவர் பெரும்பாக்கத்தில் இருந்தார். முந்தின ஆண்டு கீழ்க்கட்டளைக்குப் போனவரைச் சில மாதங்களிலேயே பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து அங்கும் உபரி என்று கூடுதல் பட்டியலில் சேர்த்து இங்கே அனுப்பியிருந்தார்கள். குடியிருப்பு பிளாக்குகளுக்கு நடுவே இருந்த பள்ளி அது. ஆகஸ்ட் கணக்கெடுப்பைச் சரிபார்க்க நான் அங்கே போனேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் தலை தலையாக எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு. அதில் ஆறாம் வகுப்பு மட்டும் எழுபத்தொன்று.

எழுபத்தொரு பேரும் அதற்கு முந்தின மாதம்வரை ஒரே ஹாலில் இருந்தார்கள். அறிவியல் சார் விசில் வைத்துப் பாடம் நடத்தினாராம். ஒரு விசில் என்றால் அமைதி, இரண்டு விசில் என்றால் நோட்டை எடு. மூன்றாவது விசில் எதற்கு என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் மறந்துவிட்டது. ஜூனில் டீச்சர் அங்கே போய் இதைச் சில வாரம் பார்த்தார். பிறகு ஒரு காலையில் ஹாலின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் முப்பத்தைந்து பேர் சாரோடு. அந்தப் பக்கம் முப்பத்தாறு பேரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு, சத்துணவு முட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குப் போய்விட்டார். தட்டுகளை அன்றே எச்.எம். மேடத்தின் அறைக்கு மாற்றினார்கள். எச்.எம். மேடம் முட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

"நாலே டீச்சர் இருந்தப்போ ரெண்டா பிரிக்க முடியலம்மா" என்றார் என்னிடம். "நாலு செக்‌ஷன் ஆயிடும். ஒரு நாளைக்கு எட்டு பீரியடு. நாலு பேரும் எட்டு பீரியடும் நிக்கணும். தண்ணி குடிக்க நேரம் இருக்காது. ஒருத்தர் லீவு போட்டா தீர்ந்துது. இவங்க அஞ்சாவதா வந்ததாலதான் இந்தப் பசங்களுக்கு ஒரு ரூம் கெடச்சுது."

நான் எண்ணிக்கொண்டிருந்தபோது முட்டை அறையில் வகுத்தல் பாடம் நடந்தது. டீச்சர் பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, மீதி மூன்று என்று எழுதினார். முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஹாலில் இருந்தவரை வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்பதைத் தவிர அவள் வாயே திறந்ததில்லை என்று டீச்சர் பிற்பாடு சொன்னார்.

"இன்னா டீச்சர், சும்மா மீதி மீதின்னுகினு. எங்கம்மா மீனு கூறு கட்னா மீதியே வராது."

"எப்படிடி வராது?"

"கூறுக்கு நாலுன்னா நாலுதான். கட்னது போக ரெண்டு மீனு நிக்கிதுன்னு வெச்சுக்கோ, அத்த மொத போணிக்குக் கொசுறா போட்டுடும். அப்பால மீதி எங்க கீது?"

வகுப்பு சிரித்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பையன் சிந்தனையோடு கேட்டான்: "அப்போ நீ கூட கொசுறுதான், இல்ல டீச்சர்? நாலு டீச்சரு ஒரு கூறு. எச்.எம். சொல்லிகினு இருந்தாங்க."

டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. அன்றிலிருந்து பள்ளி முழுவதற்கும் அவர் கொசுறு டீச்சர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

ஆசிரியர்கள் பெயரில்லாத எண்ணாக மாறும் இடத்தில் நான் வேலை செய்தேன். என் ஷீட்டில் பெரும்பாக்கம் பள்ளிக்கு எதிரே ஒரு கட்டத்தில், 'உபரி: 1' என்று வந்தது. பிரிண்ட் எடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கு நான்தான் போனில் சொன்னேன். வழக்கமாக, "எங்கம்மா?" என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.  "நாளைக்கு ஆபீஸ் வரேன், இரு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். ஸ்டூலை என் மேசைப் பக்கத்தில் போட்டார்.

"அந்த ஷீட்டைக் காட்டு."

திறந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"நூத்தி நாப்பத்திரண்டு. சரி. நாலு எப்படி வந்துச்சு?"

"முப்பத்தஞ்சால வகுத்தா நாலு புள்ளி பூஜ்யம் ஆறு வருது டீச்சர். அதை நாலுன்னு எடுத்துக்கும்."

"எது எடுத்துக்கும்?"

"ஷீட்."

"அதுக்கு யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

நான் திரையைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தின் சூத்திரத்தை எழுதியது நான். புள்ளிக்குப் பின்னால் பாதிக்குக் குறைவாக இருந்தால் கீழே இறக்கு, பாதியோ அதற்கு மேலோ என்றால் மேலே ஏற்று. கல்லூரியில் ஆய்வகக் கணக்குகளுக்குப் போட்டுப் போட்டுக் கை தானாகப் போட்ட சூத்திரம்.

"நான்தான் டீச்சர்."

"சரி. நாலு டீச்சரும் ஆளுக்கு முப்பத்தஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நூத்தி நாப்பது ஆச்சா? வாசல்ல இன்னும் ரெண்டு பேரு நிக்கிறாங்க. அவங்களை என்னம்மா பண்ண?"

"ஒவ்வொரு கிளாஸ்ல ஒருத்தரைக் கூட உக்கார வெக்கலாம்."

"வெக்கலாமே. எழுபத்தொரு பேரையே ஒரு ஹால்ல உக்கார வெச்சாங்களே. நான் கேக்கறது அது இல்ல. முப்பத்தஞ்சு பேருக்குக் குறைஞ்சது ஒருத்தர்னு எழுதியிருக்கு. அந்த ரெண்டு பேருக்கு யாருன்னு உன் ஷீட்டைக் கேளு."

ஷீட்டைக் கேட்க முடியாது. சூத்திரத்தை மாற்றினேன். மீதி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மேலே ஏற்று. பெரும்பாக்கம் ஐந்து ஆனது. உபரி பூஜ்யம். கூடவே அந்த வரிசை முழுக்க எண்கள் மாறின. உபரி என்று இருந்த பல பள்ளிகளில் உபரி போய்விட்டது. சரியாக இருந்த பல பள்ளிகளில் ஒருவர் குறைவு என்று சிவப்பு விழுந்தது.

 முந்தின ஆண்டின் ஷீட்டைத் திறந்தேன். அதிலும் இதே சூத்திரம். கீழ்க்கட்டளைப் பள்ளியில் நூற்றெட்டுப் பிள்ளைகள். மூன்று ஆசிரியர் என்று போட்டிருந்தேன். நான்கு வந்திருக்க வேண்டும். நான்காவது ஆள் இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அவரும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கணக்கு டீச்சருக்கு நூற்றெட்டை முப்பத்தைந்தால் வகுக்க எவ்வளவு நேரமாகும்?

"டீச்சர், போன வருஷமும்..."

"அதை மூடு" என்றார். "இப்போ பெரும்பாக்கத்தைப் பாரு."

இரண்டு பேருமாக அதிகாரியின் அறைக்குப் போனோம். டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போய், சூத்திரம் தப்பு, பட்டியல் தப்பு என்று சொன்னேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு புள்ளி பூஜ்யம் ஆறு. அந்தப் பூஜ்யம் ஆறுக்கு ஒரு முழு டீச்சரா? கால் பிள்ளை, அரைப் பிள்ளைக்கெல்லாம் ஆள் குடுத்தா நாம எங்கம்மா போறது?"

வாசலிலிருந்து குரல் வந்தது. "பூஜ்யம் ஆறு டீச்சர் கணக்குல சார். பிள்ளைங்க கணக்குல ரெண்டு. ரெண்டும் முழுப் பிள்ளைங்க. ஒண்ணு மீன்காரம்மா பொண்ணு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். லிஃப்டில் இருந்து இறங்கியவர் என்று நினைவு வந்ததோ என்னவோ, "உள்ள வாங்க டீச்சர், ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்றார். சட்டப் புத்தகத்தை எடுத்து அட்டவணைப் பக்கத்தைத் தேடினார். 'குறைந்தது' என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர். தப்பைப் பார்த்தால் ஒத்துக்கொள்வார். ஆனால் ஒத்துக்கொள்வதற்குக் கோப்பு வேண்டும்.

"ஆர்டர் போயிடுச்சு. இதை நான் தனியா நிறுத்த முடியாது. மாவட்டத்துக்கு எழுதணும். எப்படித் தப்பாச்சு, யாரால ஆச்சுன்னு நோட்டு போட்டுக் குடு. உன் பேரோட."

என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதை அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.  நான் ஐந்து வரியில் எழுதினேன். ஒன்று, சூத்திரம் நான் எழுதியது. இரண்டு, அது மீதியைக் கீழே தள்ளுகிறது. மூன்று, சட்டம் குறைந்தபட்சத்தைச் சொல்வதால் மேலே ஏற்ற வேண்டும். நான்கு, போன ஆண்டுப் பட்டியலிலும் இதே தவறு உள்ளது. நான்காவதை அதிகாரி கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன். ஐந்தாவது வரியில் கையெழுத்து.

பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்று மாலைக்குள் டீச்சரைப் பள்ளியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது ஆர்டர். அவர் போய்விட்டால் ஆறாம் வகுப்பு திங்கட்கிழமை மறுபடியும் ஒரே ஹாலுக்குத் திரும்பும். அப்புறம் பதில் சாதகமாகவே வந்தாலும், போனவரைத் திரும்பக் கொண்டுவருவது தனிக் கோப்பு. அதற்கு எத்தனை மாதமாகும் என்று அலுவலகத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்று மணிக்கு அதிகாரி எச்.எம். மேடத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"டீச்சரை ரிலீவ் பண்ணியாச்சா?"

"பேப்பர் ரெடி சார். அவங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

"யாரு, அந்த டீச்சரா?" அவரால் நம்ப முடியவில்லை. என்னாலும்தான். "போனை அவங்ககிட்ட குடுங்க."

டீச்சர் வந்தார். குரலில் சண்டையே இல்லை.

"சார், வணக்கம். நான் போக மாட்டேன்னு சொல்லல. டீச்சர் வாரத்துக்குக் குறைஞ்சது நாப்பத்தஞ்சு மணி நேரம் வேலை பாக்கணும், பாடம் தயாரிக்கறதையும் சேர்த்துன்னு அதே சட்டத்துல போட்டிருக்கு. இந்த வாரம் எழுதி வெச்சிருக்கேன், முப்பத்தொம்பதுதான் ஆயிருக்கு. ஆறு மணி நேரத்தைப் பாதில விட்டுட்டு எப்படி சார் கிளம்பறது? சட்ட விரோதம் ஆயிடாதா?"

"சரி, நாளைக்கு முடிச்சிட்டுக் கிளம்புங்க."

"நாளைக்கு சனிக்கிழமை சார். லீவு."

"அப்போ திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை புது வாரம் ஆரம்பிச்சிடுமே சார். அதுக்கு ஒரு நாப்பத்தஞ்சு இருக்கு."

பக்கத்தில் எச்.எம். மேடம் இருமுவது கேட்டது. இருமல்தானா என்று சொல்ல முடியாது. "கணக்கு டீச்சர் கணக்கை நான் எப்படி சார் தப்புன்னு சொல்றது?" என்றார் அவர்.

அதிகாரி போனை வைத்தார். கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உன் நோட்டு போயிடுச்சா?"

"புதன்கிழமையே போயிடுச்சு சார்."

"வண்டியை எடுக்கச் சொல்லு. நானே மாவட்டத்துக்குப் போறேன். இல்லன்னா இந்தம்மா வாரா வாரம் நாப்பத்தஞ்சு காட்டும்."

அந்த வாரமும் டீச்சர் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. எச்.எம். மேடம் தினமும் விடுவிப்புத் தாளை மேசை மேல் எடுத்து வைப்பார், மாலையில் முட்டைத் தட்டுக்கு அடியில் வைப்பார். எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் ஒரு ஆண்டுக்குப் பதில் மூன்று மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. திருத்திய பட்டியல் வந்த அன்று அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "உபரி லிஸ்ட் கேட்டா பற்றாக்குறை லிஸ்ட் குடுக்கிறியேம்மா" என்று பெருமூச்சு விட்டார். பட்டியலில் சிவப்புக் கட்டங்கள் அத்தனை இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு அனுப்ப ஆளே இல்லை. ஆனால் பெரும்பாக்கத்துக்கு எதிரே ஐந்து என்று இருந்தது. கீழே அவர் பெயர், பணியிடம்: இதே பள்ளி.

தாளை எடுத்துக்கொண்டு நானே போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். மதியத்துக்கு மேல் ஏழாவது பீரியடு நடந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பின் இரண்டாவது பிரிவுக்குத் தனி வருகைப் பதிவேடு போட்டிருந்தார்கள். அது ஜன்னல் கட்டையில் இருந்தது. டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் நின்று தாளை ஆட்டினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் வந்தால் எதற்கு வருவேன் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மீன்காரம்மாவின் பெண் எழுந்தாள். "டீச்சர், உன்னை இஸ்துகினு போவத்தான அந்த அக்கா வந்துக்குது?"

"நீ உக்காரு."

டீச்சர் கதவருகில் வந்து தாளை வாங்கினார். நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். பணியிடம் என்ற வரியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். சாக்பீஸ் தூள் தாளில் ஒட்டியது.   தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னா டீச்சர் போட்டுக்கீது அதுல?" என்றான் ஜன்னலோரப் பையன்.

"ஒம்பதாவது கணக்கைப் போடுடா. நாளைக்குப் பத்தாவது. அதுக்கப்புறம் அடுத்த பாடம். எல்லாம் நான்தான் நடத்தப் போறேன், தப்பிக்கலாம்னு பாக்காதீங்க."

ஒரு நொடி ஆயிற்று அவர்களுக்குப் புரிய. பிறகு பெஞ்சுகளைத் தட்டிய தட்டில் எதிர் பிளாக்கின் பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் அந்த இரைச்சலுக்குள் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தேன்.

டீச்சர் கையை நீட்டி மறித்தார்.

"வெளியவே நில்லும்மா. இன்னைக்கு ஒருத்தி வரல. உள்ள சரியா முப்பத்தஞ்சு."

கதவைச் சாத்திக்கொண்டார்.